சாய்வுகளை மழையாக்கிய வினவல்கள்: ஒரு பருவத்தின் எஸ்க்யூஎல் வேலைக் குறிப்பு

வடகிழக்குப் பருவமழை முடிந்து கணக்கை மூடியபோது, நான் கட்டிய தானியங்கி மழைமானி காட்டிய டிசம்பர் மாத மொத்தமும், அப்பா தினமும் காலையில் குழாய் மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுதிய மொத்தமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. அக்டோபரில் இந்த இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. தேதி ஒரு நாள் தள்ளி நின்றது, நவம்பரில் மழை சில நாள் இரட்டிப்பானது, மழையே இல்லாத நாள்கள் கணக்கிலிருந்து காணாமல் போயின. கருவியில் பழுது பார்த்தது கொஞ்சம்தான். மீதி வேலையெல்லாம் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் வினவல்களில், குறிப்பாக ஒரே மதிப்புள்ள வரிகளைக் குழுவாகச் சேர்க்கும் 'குரூப் பை' என்ற ஒரே சொற்றொடரைச் சுற்றித்தான் நடந்தது. அந்த வேலையை நடந்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

எங்கள் வயல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சம்பா நெல். வடிகால் மடையை எப்போது திறப்பது, மேலுரம் இன்று போடலாமா, இரண்டு நாள் தள்ளலாமா என்பதெல்லாம் எவ்வளவு மழை பெய்தது, எவ்வளவு வேகமாகப் பெய்தது என்பதைப் பொறுத்தது. குழாய் மழைமானி முதல் கேள்விக்குப் பதில் சொல்லும், இரண்டாவதற்குச் சொல்லாது. அதற்காகத்தான் தானியங்கி.

கருவியும் செலவும்

மழைமானி பிளாஸ்டிக்கில் வருவது. மேலே 11 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம் உள்ள செவ்வகப் புனல். அதன் கீழே, பூங்காவில் குழந்தைகள் ஏறி இறங்கும் சீசா பலகை போல, நடுவில் அச்சு உள்ள இரட்டைக் குவளை. ஒரு குவளை நிறைந்ததும் அந்தப் பக்கம் சாய்ந்து நீரைக் கொட்டிவிடும், அடுத்த குவளை மேலே வரும். சாயும்போது அதில் ஒட்டியுள்ள காந்தம் ஒரு ரீட் சுவிட்சைக் கடந்து போகும், சுவிட்ச் ஒரு கணம் மூடித் திறக்கும். அதை இஎஸ்பி32 என்ற, வைஃபை உள்ள ஒரு சிறு மின்னணுப் பலகை பிடித்து, நேரத்தைச் சேர்த்து வைஃபை வழியாக வீட்டிலுள்ள பழைய மடிக்கணினிக்கு அனுப்புகிறது. அங்கே ஒரு சிறிய பைத்தான் நிரல் அதை எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் ஒரு வரியாக எழுதுகிறது.

மழைமானி 1,650 ரூபாய், பலகை 420, இரும்புக் குழாயும் மழை புகாத பெட்டியும் 310, ஒப்பிட்டுப் பார்க்கக் குழாய் மழைமானி 380. அளவீட்டுக்காக மருந்துக் கடையில் வாங்கிய, குளுக்கோஸ் ஏற்றும் குழாய் 35. ஆக மொத்தம் 2,795 ரூபாய். எஸ்க்யூலைட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது பைத்தானோடு சேர்ந்தே வருகிறது, தனியாகச் சேவையகம் வேண்டாம், முழுத் தரவும் ஒரே கோப்பு. காப்பு எடுப்பதென்றால் அந்தக் கோப்பைப் பென்டிரைவில் நகலெடுத்தால் போதும்.

அட்டவணைகளுக்கும் நெடுவரிசைகளுக்கும் தமிழிலேயே பெயர் வைத்தேன். எஸ்க்யூலைட் அதை மேற்கோள் குறிகூடக் கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது. 'சாய்வு' என்ற அட்டவணையில் ஒரு சாய்வுக்கு ஒரு வரி: வரிசை எண், நேரம். நேரம் உலகப் பொது நேரமான யூடிசியில், மில்லிவினாடிகளாக, முழு எண்ணாக. 'துடிப்பு' என்ற இன்னொரு அட்டவணையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பலகை "உயிரோடு இருக்கிறேன்" என்று அனுப்பும் செய்தி. இந்த இரண்டாவது அட்டவணையைச் சும்மா இருக்கட்டும் என்றுதான் சேர்த்தேன். கடைசியில் கணக்கைக் காப்பாற்றியது அதுதான்.

ஒரு சாய்வு என்பது எத்தனை மில்லிமீட்டர்

விவரத்தாளில் ஒரு சாய்வுக்கு 0.2794 மி.மீ. என்று போட்டிருந்தது. அதை நம்பாமல் அளந்து பார்த்தேன். 100 மி.லி. தண்ணீரை ஒரு புட்டியில் ஊற்றி, குளுக்கோஸ் குழாயை மாட்டி, உருளையை நெருக்கி, அரை மணி நேரத்தில் வடியும்படி புனலுக்குள் சொட்ட விட்டேன். புனலின் பரப்பு 55 சதுர செ.மீ., ஆகவே 100 மி.லி. என்பது 18.2 மி.மீ. மழை. விவரத்தாள் சரியென்றால் 65 சாய்வு வர வேண்டும். காதால் கேட்டு எண்ணியபோது 62. திரும்பச் செய்தாலும் 62, 63 என்றுதான் வந்தது. ஆகவே ஒரு சாய்வு 0.293 மி.மீ. என்று வைத்துக்கொண்டேன்.

இதே நேரத்தில் தரவுத்தளத்தில் வரிகளை எண்ணும் 'கவுண்ட்' போட்டுப் பார்த்தால் 71. காதில் விழுந்தது 62, அட்டவணையில் இருப்பது 71. சுவிட்ச் ஒரு முறை மூடும்போதே அதிர்ந்து இரண்டு முறை மூடியதாகக் காட்டுகிறது என்று ஊகிக்க முடிந்தது. ஊகத்தை வைத்து நிரலில் ஏதோ ஒரு தாமதத்தைச் சேர்க்க எனக்கு மனமில்லை. எவ்வளவு தாமதம் என்பதைத் தரவிடமே கேட்கலாம் என்று தோன்றியது. அங்கேதான் குழுவாக்கம் முதன்முதலாக உதவியது.

'லேக்' என்ற சாளரச் சார்பு (பக்கத்து வரிகளையும் பார்த்துக் கணக்கிடும் சார்பு) ஒவ்வொரு வரிக்கும் முந்தைய வரியின் நேரத்தை எடுத்துத் தரும். எஸ்க்யூலைட்டில் சாளரச் சார்புகள் 2018இல் வெளியான 3.25 பதிப்பிலிருந்து உண்டு. இப்போதைய நேரத்திலிருந்து முந்தையதைக் கழித்தால் இடைவெளி. அந்த இடைவெளியை 100ஆல் வகுத்தால், முழு எண் வகுத்தல் என்பதால் மீதி உதிர்ந்து, 100 மில்லிவினாடிக் கட்டங்கள் கிடைக்கும். அந்தக் கட்ட எண்ணை வைத்துக் குழுவாக்கி, ஒவ்வொரு குழுவிலும் எத்தனை வரி என்று எண்ணினேன். சேர்ந்திருந்த எல்லாத் தரவிலும் ஓட்டியபோது படம் தெளிவாக வந்தது. 0, 1 ஆகிய இரண்டு கட்டங்களில், அதாவது 200 மில்லிவினாடிக்குள், ஒரு கூட்டம். அதற்கப்புறம் மூன்று வினாடி வரை ஒரு வரிகூட இல்லை. பிறகு நிஜ மழையின் இடைவெளிகள்.

நடுவில் இருந்த அந்த வெற்றிடம்தான் எனக்கு வேண்டிய பதில். கணக்கும் அதையே சொல்கிறது: மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொட்டினாலும் ஒரு சாய்வுக்கும் அடுத்ததற்கும் பத்து வினாடிக்கு மேல் இருக்கும். ஆகவே ஒரு வினாடிக்குள் வரும் இரண்டாவது சாய்வை ஐயமின்றித் தள்ளிவிடலாம். சாளரச் சார்பின் விடையை அதே வினவலில் வரிகளை வடிகட்டும் 'வேர்' (WHERE) பகுதியில் பயன்படுத்த முடியாது. 'வேர்' ஓடி முடிந்த பிறகுதான் சாளரம் கணக்கிடப்படுகிறது. உள் வினவலில் இடைவெளியைக் கணக்கிட்டு, வெளி வினவலில் வடிகட்ட வேண்டும். அதை 'சுத்தசாய்வு' என்ற பெயரில் ஒரு வியூவாக, அதாவது அட்டவணை போலவே பயன்படும் சேமித்த வினவலாக வைத்துவிட்டேன். மூல அட்டவணையில் கை வைக்கவில்லை. இனிமேல் எல்லா வினவலும் இந்த வியூவிலிருந்துதான்.

நாள் எங்கே தொடங்குகிறது

நாளுக்கு எவ்வளவு மழை என்ற வினவல் பார்க்க மிக எளிது: நேரத்தைத் தேதியாக்கு, தேதியால் குழுவாக்கு, எண்ணிக்கையை 0.293ஆல் பெருக்கு. ஓட்டினேன். அளவுகள் பெரும்பாலும் அப்பாவின் நோட்டோடு நெருங்கியிருந்தன, தேதிகள் மட்டும் ஒரு நாள் பின்னால் நின்றன. நோட்டில் 19ஆம் தேதி என்று இருக்கும் மழை என் விடையில் 18 என்று வந்தது.

நேரம் யூடிசியில் இருக்கிறது. யூடிசியின் நள்ளிரவு நமக்குக் காலை 5.30. ஆகவே என் வினவலின் நாள் காலை 5.30க்குத் தொடங்கி மறுநாள் 5.30க்கு முடிகிறது. அப்பா குழாயைப் பார்ப்பது காலை 8.30க்கு. இரண்டுக்கும் மூன்று மணி நேரமே வித்தியாசம் என்பதால், விடியற்காலை மழை இல்லாத நாள்களில் அளவு சரியாகவே வந்துவிடும். பாதி சரியாக இருக்கும் விடைதான் மிக ஆபத்தானது. முழுக்கத் தவறாக இருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

அடுத்து ஐந்தரை மணி நேரம் கூட்டி, இந்திய நேரப்படி நள்ளிரவில் நாளைப் பிரித்தேன். இது இன்னும் விலகிப் போனது. டெல்டாவில் வடகிழக்குப் பருவத்தின் கனமழை பல நேரம் இரவில்தான் வரும். அக்டோபரில் ஓர் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலை ஐந்து மணி வரை பெய்தது. நள்ளிரவில் வெட்டியதால் 31.1 மி.மீ. ஒரு தேதியிலும் 43.1 மி.மீ. அடுத்த தேதியிலும் விழுந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் 64.5 மி.மீ. முதல் கனமழை. என் விடையில் இரண்டு மிதமான மழை நாள்கள். உண்மையில் ஒரே ஒரு கனமழை.

ஆய்வுத் துறையின் மழை நாள் காலை 8.30க்கு முடிகிறது. அன்று காலை 8.30 வரையிலான 24 மணி நேர மழையை அன்றைய தேதியில் எழுதுவார்கள். 2023இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது என்று எல்லோரும் படித்திருப்பார்கள். அது டிசம்பர் 18 காலை 8.30 வரையிலான 24 மணி நேரக் கணக்கு. தூத்துக்குடி மாவட்டத்தில் 17ஆம் தேதி முழுக்கக் கொட்டியதைப் பார்த்தவர்களுக்கு அது 17ஆம் தேதி மழை, பதிவேட்டில் 18.

இந்திய நேரம் 8.30 என்பது யூடிசியில் சரியாக 3.00. ஆகவே யூடிசி நேரத்தோடு 21 மணி நேரம் கூட்டினால், மூன்று மணி என்பது நள்ளிரவாகி, அடுத்த நாளின் தேதி கிடைக்கும். முந்தைய நாள் 8.30 முதல் இன்று 8.30 வரை உள்ளதெல்லாம் இன்றைய தேதிக்கு வந்துவிடும். எஸ்க்யூலைட்டின் தேதிச் சார்பில் '+21' மணி என்று சேர்ப்பது மட்டும்தான் மாற்றம். வினவல் இப்படி நின்றது: நேரத்தை 1000ஆல் வகுத்து வினாடியாக்கு, 21 மணி கூட்டித் தேதியாக்கு, அதற்கு 'மழைநாள்' என்று பெயரிடு, குரூப் பை மழைநாள். அன்றிலிருந்து தேதிகள் நோட்டோடு ஒட்டிக்கொண்டன.

அந்த இரவு மழையைச் சேர்த்துப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. 106 சாய்வும் 147 சாய்வும் சேர்ந்து 253. அதை 0.293ஆல் பெருக்கினால் 74.129, அதாவது 74.1 மி.மீ. தனித்தனியே 31.1, 43.1 என்று முழுமையாக்கிக் கூட்டினால் 74.2. ஒரு நாளில் இது ஒன்றுமில்லை, பருவம் முழுவதும் சேர்ந்தால் வித்தியாசம் தெரியும். அன்றிலிருந்து 'ரவுண்ட்' சார்பை உள் வினவல் எதிலும் வைப்பதில்லை, கடைசியாகத் திரையில் காட்டும் இடத்தில் மட்டும்.

மழை இரட்டிப்பான வாரம்

நவம்பர் 8ஆம் தேதி புனலைக் கழுவி, குவளைக்கு அடியிலுள்ள திருகைச் சற்று உயர்த்தி, மறுபடி 100 மி.லி. சொட்டவிட்டேன். 64 சாய்வு. ஒரு சாய்வு இப்போது 0.284 மி.மீ. பழைய தரவுக்கு 0.293, புதியதற்கு 0.284. எண்ணை வினவலில் நேரடியாக எழுதுவது இனிச் சரிவராது. 'அளவீடு' என்று ஓர் அட்டவணை போட்டு, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, மி.மீ. என்று வைத்து, தேதி இடைவெளியால் இணைத்தேன்.

அடுத்து நல்ல மழை பெய்த நாளில் வினவல் 55.4 மி.மீ. என்றது. குழாயில் 28.2. பாதியளவு. இப்படி ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தால் சந்தேகப்பட வேண்டியது அட்டவணைகளின் இணைப்பைத்தான். 'கவுண்ட்' 192 என்றது, ஒரே எண்ணை ஒருமுறை மட்டும் எண்ணும் 'கவுண்ட் டிஸ்டிங்க்ட்' வரிசை எண்ணின் மேல் 96 என்றது. ஒவ்வொரு சாய்வும் இரண்டு அளவீட்டு வரிகளோடு சேர்ந்துவிட்டது. முதல் அளவீட்டின் முடிவுத் தேதியை டிசம்பர் 31 என்று நிரப்பியிருந்தேன். அது அப்படியே நிற்க, புதிய வரியும் நவம்பர் 8இலிருந்து தொடங்கியது. 96ஐ 0.293ஆலும் 0.284ஆலும் பெருக்கிக் கூட்டினால் சரியாக அந்த 55.4. உண்மை 27.3.

முடிவுத் தேதி என்ற நெடுவரிசையையே நீக்கிவிட்டேன். தொடக்கம் மட்டும் போதும். அடுத்த அளவீட்டின் தொடக்கம்தான் முந்தையதன் முடிவு, அதை 'லீட்' சார்பு எடுத்துத் தரும். ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுதி வைக்காவிட்டால் அவை முரண்படவும் முடியாது. இதோடு இன்னொரு பழக்கமும் வந்தது. எந்தக் கூட்டுத்தொகை வினவலிலும் பக்கத்தில் எண்ணிக்கையையும் தனித்த எண்ணிக்கையையும் வைத்துவிடுவது. இரண்டும் சமமாக இல்லையென்றால் கூட்டுத்தொகையைப் பார்க்கவே வேண்டாம்.

மழை பெய்யாத நாளும் ஒரு நாள்தான்

நவம்பர் முடிந்ததும் மாதச் சராசரி எடுத்தேன். நாளுக்கு 18.4 மி.மீ. என்று வந்தது. அவ்வளவு பெய்திருந்தால் நடவு முழுக்க மூழ்கியிருக்கும். மாத மொத்தம் 312 மி.மீ., அது நோட்டோடு ஒத்துப்போனது. 312ஐ 30ஆல் வகுத்தால் 10.4தானே வர வேண்டும்?

உள் வினவலின் விடையில் 17 வரிகளே இருந்தன. சாய்வே இல்லாத நாளுக்குச் 'சாய்வு' அட்டவணையில் வரி கிடையாது, வரி இல்லையென்றால் குழு கிடையாது. 'குரூப் பை' இருப்பதை மட்டும்தான் கூட்டி வைக்கும், இல்லாததை இல்லை என்று சொல்லாது. சராசரி எடுக்கும் 'ஏவிஜி' 17ஆல் வகுத்துவிட்டது.

இதற்கு ஒரு நாட்காட்டி வேண்டும். எஸ்க்யூலைட்டில் தன்னையே அழைக்கும் 'வித் ரிகர்சிவ்' மூலம் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை 92 தேதிகளையும் சில வரிகளில் உருவாக்கலாம். அந்த நாட்காட்டியை இடப்பக்கம் வைத்து, இடப்பக்க வரி எதையும் விடாமல் இணைக்கும் 'லெஃப்ட் ஜாயின்' மூலம் சுத்தசாய்வை இணைத்தேன். இப்போது 30 நாளும் வந்தன. ஆனால் வறண்ட 13 நாளிலும் தலா ஒரு சாய்வு காட்டியது. இடப்பக்கத் தேதி, வலப்பக்கத்தில் துணை இல்லாமல், மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் 'நல்' மதிப்புகளோடு ஒரு வரியாக நிற்கிறது. நட்சத்திரக் குறியோடு போடும் 'கவுண்ட்' வரிகளை எண்ணும், ஆகவே அந்த வெற்று வரியையும் ஒன்று என்று எண்ணும். அடைப்புக்குள் சாய்வின் வரிசை எண்ணைப் போட்டால் 'நல்' அல்லாததை மட்டும் எண்ணும், பூச்சியம் வரும். அந்த நட்சத்திரக் குறியால் மாதத்தில் 3.7 மி.மீ. இல்லாத மழை பெய்திருந்தது.

'சம்' இன்னொரு விதம். கூட்ட எதுவுமில்லாத குழுவுக்கு அது பூச்சியம் தராது, 'நல்' தரும். அதுதான் எஸ்க்யூஎல் தரநிலை. எஸ்க்யூலைட்டில் 'டோட்டல்' என்று தனியாக ஒரு சார்பு உண்டு, அது எப்போதும் 0.0 தரும். நான் முதலில் எல்லா இடத்திலும் 'டோட்டல்' போட்டேன். டிசம்பரில் அதை மாற்ற வேண்டி வந்தது.

டிசம்பரில் ஒரு காற்று மழை. தானியங்கி 51.7 மி.மீ. என்றது, குழாயில் 63. வினவலை எத்தனை முறை பார்த்தாலும் தவறு தெரியவில்லை, 182 சாய்வு, இரட்டிப்பு எதுவும் இல்லை. அப்போதுதான் 'துடிப்பு' அட்டவணை நினைவுக்கு வந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 288 துடிப்பு. அன்று 240தான். 48 துடிப்பு குறைவு, நான்கு மணி நேரம். மின்சாரம் போனதும் அதே நேரம்தான். காற்று பலமாக வீசும்போதுதான் மின்சாரம் போகும், மழை பலமாகப் பெய்வதும் அப்போதுதான். ஆகவே இந்தக் கருவி எப்போதும் பெரிய மழையைத்தான் தவறவிடும். வறண்ட நாளில் நான்கு மணி நேரம் போனால் கணக்கில் ஒன்றும் குறையாது.

அதாவது இதுவரை நான் பூச்சியம் என்று எழுதிய நாள்களில் இரண்டு வகை கலந்திருந்தன. மழை பெய்யாததால் பூச்சியம், கருவி விழித்திருக்காததால் பூச்சியம். முன்னதற்கு 0, பின்னதற்கு 'நல்' வேண்டும். 'நல்' என்றால் மாதச் சராசரி அந்த நாளைத் தானாகவே விட்டுவிடும், பூச்சியம் என்றால் சராசரியைக் கீழே இழுக்கும்.

சரி, நாட்காட்டியோடு சாய்வையும் துடிப்பையும் இணைத்து, இரண்டையும் எண்ணிவிடலாம் என்று இறங்கினேன். சோதிக்க எடுத்துக்கொண்டது அந்த 96 சாய்வு நாள். விடை 27,648. மில்லிமீட்டராக்கினால் ஏழே முக்கால் மீட்டருக்கும் மேல் மழை. 96ஐ 288ஆல் பெருக்கிப் பார்த்தால் அதே எண். ஒரு நாளின் ஒவ்வொரு சாய்வும் அந்த நாளின் ஒவ்வொரு துடிப்போடும் ஜோடி சேர்ந்துவிட்டது. 'டிஸ்டிங்க்ட்' போட்டு எண்ணிக்கையைச் சரிசெய்யலாம். ஆனால் மி.மீ. கூட்டுத்தொகைக்கு அது உதவாது. ஒரே மி.மீ. மதிப்புதான் எல்லாச் சாய்வுக்கும் இருக்கிறது, 'சம் டிஸ்டிங்க்ட்' போட்டால் நாள் முழுக்க 0.284 மட்டும் மிஞ்சும்.

சரியான வழி, இணைப்பதற்கு முன்பே குழுவாக்குவது. சாய்வைத் தனியே நாள்வாரியாகக் கூட்டி நாளுக்கு ஒரு வரி. துடிப்பைத் தனியே நாள்வாரியாக எண்ணி நாளுக்கு ஒரு வரி. பிறகு நாட்காட்டியோடு இரண்டையும் இணைத்தால் ஒன்றுக்கு ஒன்று, பெருக்கம் இல்லை. மேலே, நிபந்தனை பார்த்து மதிப்பைத் தேர்ந்தெடுக்கும் ஒரு 'கேஸ்': துடிப்பு 274க்குக் குறைந்தால் 'நல்', இல்லையென்றால் மழை, மழை வரி இல்லையென்றால் 0. 274 என்பது 288இல் 95 விழுக்காடு. துடிப்பே வராத நாளுக்குத் துடிப்பு எண்ணிக்கையும் 'நல்' ஆக நிற்கும். அப்போது ஒப்பீடு உண்மையும் ஆகாது, பொய்யும் ஆகாது, 'கேஸ்' அடுத்த படிக்கு நழுவி 0 என்று எழுதிவிடும். ஆகவே துடிப்பு எண்ணிக்கையை முதலில் 'கோலெஸ்' மூலம் 0 ஆக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். இந்த வினவலை 'நாள்மழை' என்று வியூவாக்கினேன். 'நல்' விழுந்த நாள்களுக்கு நோட்டிலிருந்து குழாய் அளவை எடுத்து, 'குழாய்' என்று மூலத்தைக் குறித்துத் தனி அட்டவணையில் எழுதினேன். அதற்குப் பிறகுதான் மாத மொத்தம் ஒத்துவந்தது.

மாதக் கணக்கு

'நாள்மழை' சரியானதும் மாதம் எளிதாகிவிட்டது. மழை நாள் என்று ஆய்வுத் துறை எண்ணுவது 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாளை. நவம்பரில் சாய்வு இருந்த 17 நாளில் அந்த அளவைத் தொட்டவை 11. மற்றவை தூறல்கள், சில நாள் வெயிலில்கூட ஒற்றைச் சாய்வு. காகம் வந்து புனல் விளிம்பில் உட்கார்ந்தால் ஒரு சாய்வு விழும் என்பதை நேரிலேயே பார்த்தேன்.

இங்கே 'வேர்', 'ஹேவிங்' இரண்டுக்கும் உள்ள இட வேறுபாட்டைக் கவனிக்க வேண்டியிருந்தது. சாய்வு அட்டவணையில் நின்றுகொண்டு 2.5க்கு மேல் என்று 'வேர்' போட முடியாது, ஒற்றைச் சாய்வு எதுவும் 2.5 மி.மீ. ஆகாது. நாளாகக் குழுவாக்கிய பிறகு அந்தக் குழுவின் கூட்டுத்தொகையைக் கேட்பது 'ஹேவிங்'. ஆனால் 'ஹேவிங்' போட்டால் 2.5க்குக் குறைந்த நாள்களின் மழை மாத மொத்தத்திலிருந்தும் போய்விடும். எனக்கு மொத்தத்தில் எல்லாம் வேண்டும், நாள் எண்ணிக்கையில் மட்டும் வடிகட்ட வேண்டும். அதற்கு 'ஃபில்டர்': மாதமாகக் குழுவாக்கி, மொத்தத்துக்குச் 'சம்', மழை நாளுக்கு 'கவுண்ட்' போட்டு அதற்கு மட்டும் நிபந்தனை. சாதாரணச் 'சம்', 'கவுண்ட்' ஆகியவற்றோடு இதை எஸ்க்யூலைட் 2019இல் வந்த 3.30 பதிப்பிலிருந்து ஏற்கிறது. பழைய பதிப்பென்றால் 'கேஸ்' மூலம் 1 அல்லது 0 ஆக்கிக் கூட்டலாம், விடை ஒன்றுதான்.

மாதத்தின் அதிகபட்ச மழை எந்தத் தேதியில் என்பதற்கு எஸ்க்யூலைட்டில் ஒரு சலுகை இருக்கிறது. அதிகபட்சம் தரும் 'மேக்ஸ்' ஒன்று மட்டும் இருந்தால், பக்கத்தில் சும்மா எழுதிய தேதி நெடுவரிசை அந்த அதிகபட்ச வரியின் தேதியையே தரும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் இதே வினவலைப் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும், மைஎஸ்க்யூஎல் 5.7இலிருந்து இயல்பு அமைப்பில் அதுவும் அப்படித்தான். அந்தச் சலுகையை நான் பயன்படுத்தவில்லை. 'மேக்ஸ்' பக்கத்தில் பின்னொரு நாள் குறைந்தபட்சம் தரும் 'மின்' ஒன்றைச் சேர்த்தால் தேதி இரண்டில் எதனுடையது என்று உறுதியில்லாமல் போகும். நாள்களை மாதத்துக்குள் மழையின் இறங்கு வரிசையில் எண்ணிட்டு முதலாவதை எடுப்பது நாலு வரி கூடுதல், ஆனால் எந்தத் தரவுத்தளத்திலும் ஒரே விடை.

ஒரு மழை, அடுத்த மழை

அப்பாவுக்கு வேண்டியது நாள் மொத்தம் மட்டும் இல்லை. யூரியா போட்ட மறுநாள் 27 மி.மீ. நாள் முழுக்கப் பொறுமையாகப் பெய்தால் ஒன்று, முக்கால் மணி நேரத்தில் ஊற்றினால் வேறு. உரம் வரப்பைத் தாண்டிப் போய்விடும். ஆகவே சாய்வுகளைத் தேதியால் இல்லாமல் மழைகளாகக் குழுவாக்க வேண்டும். ஆனால் 'இது எத்தனையாவது மழை' என்று எந்த நெடுவரிசையும் இல்லை.

குழு எண்ணை நாமே உருவாக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் சாய்வு இல்லாமல் இருந்து பிறகு வந்தால் அது புதிய மழை என்று வைத்துக்கொண்டேன். 'லேக்' மூலம் இடைவெளி, இடைவெளி 120 நிமிடத்தைத் தாண்டினால் 1, இல்லையென்றால் 0. இந்த 1, 0 ஆகியவற்றை நேர வரிசையில் ஓடும் கூட்டுத்தொகையாகக் கூட்டிக்கொண்டே போனால், புதிய மழை தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் எண் ஒன்று ஏறும், அந்த மழை முடியும் வரை அதே எண் நிற்கும். அதுதான் குழு எண். பிறகு வழக்கமான 'குரூப் பை': தொடக்கம் 'மின்', முடிவு 'மேக்ஸ்', அளவு 'சம்'.

அந்த 27.3 மி.மீ. நாள் இப்படிப் பிரிந்தது: பிற்பகலில் 40 நிமிடத்தில் 65 சாய்வு, 18.5 மி.மீ., மணிக்கு 28 மி.மீ. வேகம். இரவில் மூன்று மணி நேரத்துக்கு 31 சாய்வு, 8.8 மி.மீ. அன்றுதான் கீழ் வயலில் வரப்பு வழிந்தது. குழாய் மழைமானி 28.2 என்று மட்டும்தான் சொல்லியிருந்தது.

ஒற்றைச் சாய்வு மழைகளுக்குத் தொடக்கமும் முடிவும் ஒன்றே, கால அளவு பூச்சியம். பூச்சியத்தால் வகுத்தால் எஸ்க்யூலைட் பிழை காட்டாமல் 'நல்' தருகிறது. வேகப் பட்டியலில் அவை வேண்டாம் என்பதால் மூன்று சாய்வுக்குக் குறைந்த மழைகளை 'ஹேவிங்' மூலம் விட்டுவிட்டேன். காகத்தின் மழையும் அதோடு போய்விட்டது. காலை 8.30 எல்லையைத் தாண்டிப் பெய்யும் மழை இந்தப் பட்டியலில் தொடங்கிய நாளில்தான் நிற்கும், ஆகவே இதைக் கூட்டி நாள் மொத்தம் எடுக்கக் கூடாது. இரண்டு வியூக்களையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறேன்.

அடுத்த பருவத்துக்கு

முதலில் மின்கலம். ஒரு செல்லும் மின்னேற்றும் சிறு பலகையும் 250 ரூபாய்க்குள் முடியும். மின்சாரம் போனாலும் இஎஸ்பி32 எண்ணிக்கொண்டிருக்கும். ஆனால் வைஃபை இருக்காது, சாய்வுகளை அனுப்ப முடியாது. அதற்காகத் துடிப்புச் செய்தியின் வடிவத்தை மாற்றப் போகிறேன். பலகை தொடங்கியதிலிருந்து இதுவரை எத்தனை சாய்வு என்ற ஓடும் எண்ணிக்கையும் ஒவ்வொரு துடிப்போடும் வரும். இணைப்பு நான்கு மணி நேரம் அறுந்தாலும், திரும்பி வரும் முதல் துடிப்பு நடுவில் விழுந்த சாய்வுகள் எத்தனை என்று சொல்லிவிடும்.

நாளுக்கான மழையை அந்த எண்ணிக்கையின் 'மேக்ஸ்' கழித்தல் 'மின்' என்று எடுக்க முதலில் எழுதிப் பார்த்தேன். இரண்டு ஓட்டை இருக்கிறது. ஒரு நாளின் கடைசித் துடிப்புக்கும் மறுநாளின் முதல் துடிப்புக்கும் இடையிலான ஐந்து நிமிடம் எந்த நாளிலும் சேராது. பலகை மறுதொடக்கமானால் எண்ணிக்கை பூச்சியத்துக்குப் போய், அதற்கு முன்பும் பின்பும் உள்ளவை கலந்துவிடும். ஆகவே ஒவ்வொரு துடிப்புக்கும் 'லேக்' மூலம் முந்தையதன் எண்ணிக்கையைக் கழித்து, விடை எதிர்மறையாக வந்தால் மறுதொடக்கம் என்று கொண்டு இப்போதைய எண்ணிக்கையையே வித்தியாசமாக வைத்து, அந்த வித்தியாசங்களை மழைநாளால் கூட்ட வேண்டும். போலித் தரவை வைத்து இதை ஓட்டிப் பார்த்துவிட்டேன், எண்கள் நிற்கின்றன.

தனித்தனிச் சாய்வு நேரங்களை அனுப்புவதை நிறுத்தப் போவதில்லை. நாள் மொத்தம் துடிப்பிலிருந்தும், மழையின் வேகம் சாய்வு நேரங்களிலிருந்தும் வரும். இரண்டு வழியிலும் வரும் நாள் எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் மூன்றுக்கு மேல் உள்ள நாள்களை மட்டும் காட்டும் ஒரு வினவலைக் காலை 8.35க்கு ஓடும்படி அமைக்க வேண்டும். அப்பா நோட்டைத் திறப்பதற்குள் அது தயாராகிவிடும்.